அக்காவுக்கு அரைத்த சதகுப்பை

ஒஸ்லோவில் மீன் கடையில் பச்சைத் தழை மணத்தது. சதகுப்பை.

எங்கள் தீவுக் கிராமமான சரவணையில், கிணற்றடி வாய்க்கால் ஓரம் அம்மா அதை விதைத்தது அக்காவின் பிள்ளைப்பேற்றுக்காக. பெற்றவளுக்கு உடம்பு தேறவும் பால் சுரக்கவும் அரைத்துக் கொடுக்கும் காய மருந்துக்கு அதன் விதை வேண்டும். இலங்கை ஆமி இறங்கியதும் தீவை விட்டு ஓடினோம். அம்மா அலுமாரியைக்கூடப் பூட்டவில்லை. விதைப் போத்தலை மட்டும் எடுத்துக்கொண்டார்.

யாழ்ப்பாணத்தில், அகதிகளாயிருந்த பள்ளிக்கூடத்தில் அக்கா பெற்றாள். பிள்ளை அழவேயில்லை.

மறுநாள் அம்மா அம்மி தேடிப்பிடித்துக் காயம் அரைத்தார்.

"பிள்ளைதான் இல்லையே, இது எதுக்கம்மா?"

"பெத்த உடம்பெல்லே. விழுங்கு மோனை."

அக்கா விழுங்கினாள். மூன்றாம் நாள் சட்டை நனைய நனையப் பால் வந்தது. மிச்ச விதையை அம்மா மலசலகூடத்தில் கொட்டினார்.

இங்கே அதைக் கட்டுக்கட்டாக விற்கிறார்கள். அக்காவுக்கு அதற்குப் பிறகு பிள்ளையே இல்லை.