அலுமாரி பார்க்க வந்த பொலிஸ்காரர்

எங்கள் வீட்டுக்குத் துவக்கு வருவதற்கு மூன்று மாதம் முந்தியே அதற்கான அலுமாரி வந்துவிட்டது. சாம்பல் நிறத்தில் ஒடுங்கிய இரும்பு அலுமாரி. மாமாவும் அப்பாவும் மாமாவோடு வேலை செய்யும் தாடிக்கார வெள்ளைக்காரரும் சேர்ந்து அதை இரண்டாம் மாடிக்குத் தூக்கி வந்து, மாமாவின் அறைச் சுவரோடு வைத்து இறுக்கினார்கள். அம்மா குசினி வாசலில் நின்றார்.

"ஃபிரிஜ்ஜை மாத்தி வையுங்கோ எண்டு ரெண்டு வருஷமாச் சொல்லுறன். எல்லாருக்கும் நாரி நோகுது. இதுக்கு மட்டும் மூண்டு பேர்."

தாடிக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன்னைப் பாராட்டுகிறார் என்று நினைத்து, சிரித்துத் தலையாட்டினார்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. டென்மார்க்கில், சில்க்போர்க் என்ற ஊரில் இருந்தோம். மாமா அம்மாவின் ஒரே தம்பி. கல்யாணம் செய்யாமல் எங்களோடு இருந்தார். பலகைத் தொழிற்சாலையில் வேலை. தாடிக்காரர் ஒருநாள் அவரை ஊருக்கு வெளியே, காட்டுக்குள் இருந்த ஒரு சுடும் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதன்பின் இரண்டு வருடமாக மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு எங்கும் போனதில்லை. கிளப்பின் துவக்குகளால் சுட்டுவிட்டு, ஓட்டை விழுந்த கடதாசிகளை மடித்துக்கொண்டு வருவார். இப்போது தாடிக்காரர் தன் துவக்குகளில் ஒன்றை விற்கப்போகிறார். அதைத்தான் மாமா வாங்க ஆசைப்பட்டார்.

ஒருமுறை என்னையும் கூட்டிப்போய் அதைக் காட்டினார். மரப்பிடி வைத்த கட்டைத் துவக்கு. விசையைச் சுற்றி நீள்வட்டமாக ஒரு இரும்பு வளையம். அதற்குள் விரல்களை விட்டு முன்னுக்குத் தள்ளி, பின்னுக்கு இழுத்தால் வெறும் கோது மேலால் துள்ளி விழும், அடுத்த ரவை உள்ளே போய்விடும். மாமா அதைச் செய்யும்போது பார்க்க அழகாக இருந்தது. தையல்காரர் மெசின் சில்லைச் சுற்றுவதைப்போல, அவசரமே இல்லாமல் செய்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு விளக்கம் சொன்னார்.

"அக்கா, இது பெரிய துவக்கு மாதிரி இல்லை. கைத்துவக்குக்குப் போடுற குட்டி ரவைதான் இதுக்கும். தோளை இடிக்காது. சத்தமும் குறைவு."

"குறைஞ்ச சத்தமோ? தம்பி, அந்தச் சத்தமே வேண்டாமெண்டுதானே இவ்வளவு தூரம் வந்தனாங்கள்."

"இது விளையாட்டக்கா."

"விளையாட்டெண்டா பந்தை வாங்கி அடி. நீ அதை வீட்டுக்குள்ள கொண்டுவா, நான் பிரெடெரிசியாவுக்குப் போறன்."

பிரெடெரிசியாவில் பெரியம்மா இருந்தார். எந்தச் சண்டையானாலும் அம்மா அங்கேதான் போவதாகச் சொல்வார். போனதில்லை. ஆனால் இந்த முறை பெட்டியைத் தன் உடுப்பு அலுமாரி மேலிருந்து இறக்கி, கட்டிலுக்கு அருகில் வைத்துவிட்டார்.

அப்பா நடுவில் நின்றார். "இஞ்சாரும், அவன் குடிக்கிறானோ? சீட்டு விளையாடுறானோ? கடதாசியில ஓட்டை போடுறான். விடுமன்."

"ஓட்டை போடுறதெண்டா இஞ்ச கிழிஞ்ச உடுப்பு எவ்வளவோ கிடக்கு. ஊசியைப் பிடிக்கச் சொல்லுங்கோ."

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து என்னைக் கூட்டிப்போக வந்த அம்மாவிடம் ஒரு அன்ரி எல்லோர் முன்னாலும் கேட்டார்: "என்ன, உங்கட தம்பி சில்க்போர்க்கில புதுசா ஒரு இயக்கம் துடங்கப் போறாராம்?" எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். பஸ்ஸில் வீடு வரும்வரை டிக்கட்டைச் சின்னச் சின்னதாகக் கிழித்துக்கொண்டு வந்தார்.

இந்த நாட்டில் துவக்கை நினைத்தவுடன் வாங்க முடியாது. நல்ல உறுப்பினர் என்று கிளப் எழுதித் தரவேண்டும். பூட்டி வைக்க அலுமாரி வேண்டும். பிறகு பொலிஸ் பார்த்து அனுமதி தரவேண்டும். அந்தப் பத்திரங்களை வாசித்து நிரப்பியது நான்தான். பல் வைத்தியர், பள்ளிக்கூடம், கொம்யூன் எனப்படும் நகரசபை என்று எங்கள் வீட்டுக்கு வந்த எல்லாக் கடிதமும் என் வழியாகத்தான் மற்றவர்களுக்குப் போகும். நான் மூன்று வயதில் வந்தவள். டெனிஷ் எனக்கு ஓடும். வகுப்பில் கை உயர்த்திப் பதில் சொல்ல வெட்கப்படும் பிள்ளை, வீட்டில் மூன்று பெரியவர்களுக்காகப் பேசினேன். என் சொந்தப் பேச்சு இல்லையென்பதால் அது அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை.

பொலிஸிலிருந்து தொலைபேசி வந்ததும் என்னிடம்தான். வியாழன் நான்கு மணிக்கு ஒருவர் வந்து அலுமாரியைப் பார்ப்பார், வீட்டில் உள்ளவர்களோடும் பேசுவார் என்றார்கள். எல்லா வீட்டுக்கும் இப்படி வருவார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

புதன்கிழமை பின்னேரம் அம்மா எனக்குத் தலை இழுத்துப் பின்னிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, நாளைக்கு அவர் என்னட்டயும் கேப்பார். எனக்கு விருப்பமில்லை எண்டுதான் சொல்லுவன். நீ அதை அப்பிடியே சொல்லவேணும். மாமா பாவமெண்டு மாத்திப்போடாதை."

"மாமாட்டச் சொல்லுங்கோவன்."

"நூறு தரம் சொல்லிட்டன். நான் சொன்னா அவன் கேக்கான். பொலிஸ் ஏலாதெண்டா கேப்பான்."

மறுநாள் பள்ளிக்கூடக் கழிப்பறையில் நின்று அந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன். என் அம்மாவுக்கு இது வீட்டில் இருப்பதில் விருப்பமில்லை. டெனிஷில் அது சின்ன வசனம். ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அதைச் சொன்னால் மாமாவுக்கு அந்தத் துவக்கு கிடைக்காது. சொல்லாவிட்டால் அம்மா பெரியம்மா வீட்டுக்குப் போய்விடுவார். மாமா என்னிடம் எதையும் கேட்டிருந்தால் கோபப்பட்டாவது இருக்கலாம். அவர் ஒன்றுமே கேட்கவில்லை. நான் வீட்டுக்கு வந்தபோது தன் நல்ல சேர்ட்டை எடுத்து இஸ்திரிக்கை போட்டுக்கொண்டிருந்தார்.

வந்தவர் உயரமானவர். நீலச் சேர்ட், இடுப்புப் பட்டியில் கைத்துவக்கு. வாசலில் நின்று எங்கள் எல்லோருக்கும் கை கொடுத்தார். பிறகு குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார். அம்மா அப்பாவின் காதுக்குள், "பொலிஸ் சப்பாத்துக் கழட்டுது" என்றார். சாம்பல் நிறக் காலுறையோடு அவர் எங்கள் கம்பளத்தில் நடந்து மாமாவின் அறைக்குப் போனார்.

அலுமாரியை இரண்டு கையாலும் பிடித்து உலுப்பினார். அது அசையவில்லை. திறப்பு யாரிடம் என்று கேட்டார். மாமா சேர்ட்டுக்குள் கையை விட்டு, கழுத்தில் பிள்ளையார் பென்ரனோடு சேர்த்துக் கொழுவியிருந்த திறப்பை இழுத்துக் காட்டினார். பொலிஸ்காரர் சிரித்து, எதையோ எழுதினார். ரவைகளை எங்கே வைப்பாய், பிள்ளைகள் இருக்கும்போது எப்படித் துப்புரவாக்குவாய் என்று கேட்டார். நான் கேள்விகளைத் தமிழாக்கினேன், பதில்களை டெனிஷாக்கினேன். எல்லாம் நன்றாகப் போனது.

ஹோலில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். ரோல்ஸ் இரண்டு சாப்பிட்டார். பிறகு பேனையை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்து மெதுவாகப் பேசினார். நான் சொன்னேன்:

"அம்மா, மாமா வீட்டில துவக்கு வைச்சிருக்கிறது உங்களுக்குச் சம்மதமோ எண்டு கேக்கிறார். மாமாவைப் பற்றித் தன்னட்ட ஏதும் சொல்ல இருந்தா இப்ப சொல்லட்டாம்."

மாமா கதிரையின் நுனியில் இருந்து கம்பளத்தைப் பார்த்தார். அப்பா இருமினார். என் வசனம் வாய்க்குள் தயாராக இருந்தது. அம்மா தமிழில் ஒரு சொல் சொன்னால் போதும்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. பொலிஸ்காரரின் இடுப்புப் பட்டியையே பார்த்தபடி நின்றார். அவருக்குத் தெரிந்த டெனிஷ் முப்பது சொல் இருக்கும். கடையில் பால் கேட்பதற்கும் என் தோளை இடிப்பவர். அன்றைக்கு என்னை இடிக்காமல், தானே, பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி டெனிஷில் சொன்னார்:

"இல்லை. ஒன்றும் இல்லை. என் தம்பி நல்ல மனிதன். பிரச்சினை இல்லை."

இலக்கணம் பிழை. ஆனால் தமிழாக்க ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. பொலிஸ்காரர் எழுதி முடித்து, அம்மாவுக்கு நன்றி சொல்லி, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார்.

கதவு பூட்டியதும் அம்மா திரும்பினார். "சரி, எழுதிக் குடுத்திட்டுப் போறான். இனி அதை என்ர கண்ணில மட்டும் காட்டிப்பார், தெரியும்!" மாமா எழுந்தார். பொலிஸ்காரர் குடித்த கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய், அதைக் கனநேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

துவக்கு கோடையில் வந்தது. நீளமான பையில் ஞாயிறு காலை போகும், மத்தியானம் வரும். மாமா அறைக் கதவைச் சாத்திவிட்டு எண்ணெய் போட்டுத் துடைப்பார். அந்த மணம் கதவுக்குக் கீழால் வரும். அம்மா பிரெடெரிசியாவுக்குப் போகவில்லை. மாமாவின் அறையைக் கூட்டும்போது மட்டும் அந்தச் சுவர்ப்பக்கம் போகமாட்டார். ஞாயிற்றுக்கிழமை சமைக்கும்போது மாமாவின் பங்கை முதலில் எடுத்து மூடிவைப்பார்.

எனக்குத்தான் மனம் ஆறவில்லை. கழிப்பறையில் நின்று பழகியது வீணாகிப்போனதில் ஒரு கோபம். ஒருநாள் கேட்டேன்.

"விருப்பமில்லை எண்டு சொல்லச் சொன்னீங்கள். பிறகு ஏனம்மா அப்பிடிச் சொன்னீங்கள்?"

அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வீட்டுக்குள்ள அவனை நான் என்னவும் பேசுவன். துவக்கோட ஒருத்தன் வந்து நிண்டு தம்பியைப் பற்றிக் கேட்டா, வேற என்னத்தைச் சொல்லுறது? ஊரிலயும் ஒருக்கா துவக்கோட வந்து இவனைக் கேட்டவங்கள். அப்பவும் இதைத்தான் சொன்னனான்."

அப்படியென்றால் ஊரிலும் மாமா ஒரு துவக்கு வாங்கியிருக்கிறார், அதற்கும் அனுமதி கொடுக்க ஆட்கள் வந்து அம்மாவிடம் சம்மதம் கேட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அங்கேயும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது என்று எண்ணியபடி, வீட்டுப்பாடம் செய்யப் போனேன்.