கங்காணி சொன்ன சொந்த ஊர்

எனக்காக இரண்டு அரசாங்கங்கள் அடித்துக்கொண்டன. சரி, பொய். வெள்ளைக்காரன் போன பிறகு, 'இது உன் ஆள், நீயே வைத்துக்கொள்' என்றுதான் இலங்கையும் இந்தியாவும் அடித்துக்கொண்டன. கடைசியில் ஏழு வயதில் ஒரு தகரப் பெட்டியோடு நான் இந்தியப் பக்கம் வந்து விழுந்தேன்.

இப்போது திருவனந்தபுரம் சாலை பஜாரில் அரிசி மூட்டை தூக்குகிறேன். படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் மழை. மகள் என்னைப்போல் இல்லை. நர்சிங் சீட் வாங்கிவிட்டாள். இன்று சாயங்காலத்துக்குள் ஜாதி சர்ட்டிபிகேட் கொடுக்காவிட்டால் சீட் போய்விடும். அதற்குத்தான் வில்லேஜ் ஆபீசுக்கு வந்தோம்.

ஆபீசர் என் அப்பாவின் பழைய பாஸ்போர்ட்டைப் புரட்டினார்.

"சேட்டா, இதுல உள்ள ஊரு திருநெல்வேலியிலயாணு. உங்க ஜாதி இன்னதுன்னு சொல்ல அங்க உங்க ஆளுகள் ஆராவது உண்டோ?"

"ஆளுக நெறைய இருக்காங்க சார். எவனும் எங்க ஆளு இல்ல."

மகள் என் கையைக் கிள்ளினாள். "அப்பா, நீங்க வெளிய போய் உக்காருங்க."

உட்கார்ந்து, மிஞ்சிய அப்ளிகேஷன் பாரத்தின் முதுகில் இதை எழுதுகிறேன்.

தேயிலைத் தோட்டத்தில், இந்தியா போகிறவர்களிடம் 'சொந்த ஊர் எது?' என்று கேட்டார்கள். அப்பாவுக்குத் தெரியாது. அவருடைய அப்பாவே தோட்டத்தில் பிறந்தவர். எங்களை மேய்த்த கங்காணியிடம் போய்க் கேட்டார். கங்காணிக்குத் தெரிந்தது ஒரே ஊர், அவருடைய ஊர். அப்பா அதையே போட்டார். பக்கத்து வீட்டுக்காரர் அப்பாவைப் பார்த்துப் போட்டார். லயத்தில் வரிசையாக இருந்த பதினெட்டு வீடும் ஒரே ஊராகிவிட்டது. சாதி வேறு, சாமி வேறு, ஊர் மட்டும் ஒன்று.

கப்பல் இறங்கி அந்த ஊருக்கே போனோம். பதினெட்டுக் குடும்பம் பெட்டியும் படுக்கையுமாக வருவதைப் பார்த்து, கங்காணியின் பங்காளிகள் நிலத்தில் பங்கு கேட்க வந்துவிட்டோம் என்று வெலவெலத்துப் போனார்கள்.

"எங்க சித்தப்பா அங்கன போயி இம்புட்டு பேரயா பெத்துப் போட்டாரு?" என்று ஒருவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

ஆளுக்கு ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பி கொடுத்து, "திருவனந்தபுரத்துல வேல கெடக்குவே, பொறப்படுங்க" என்று எங்களை பஸ் ஏற்றிவிட்ட பிறகுதான் மூச்சுவிட்டார்கள். பஸ்ஸில் அப்பா, "பாத்தியாடா, நம்ம ஊருல என்னா மரியாத!" என்றார். அதற்கு நான்—

"அப்பா! ஓடி வாங்க. சார் அந்த ஊருக்குப் போன் போட்டிருக்காரு. நாம யாரு வீட்டு ஆளுங்கனு கேக்குறாங்க!"