மார்ட்டினுக்குரிய அப்பம்

மார்ட்டினுக்கென்று ஃபாதர் கொடுத்தனுப்பிய நற்கருணையை நான் தின்றேன்.

ஒரு முறை அல்ல. ஏறக்குறைய ஏழு மாதங்கள்! ஞாயிறுதோறும் செம்பனை மரங்களுக்கு நடுவே காரை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, நானே எடுத்து என் வாயில் போட்டுக்கொண்டேன். அடுத்த ஞாயிறு ஃபாதர் கேட்கும்போது, கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன்.

சொல்லிவிட்டேன்... இனி மேலே படிப்பதும் மூடி வைப்பதும் உங்கள் விருப்பம். எனக்குச் சோர்வாக இருக்கிறது. நல்லவனாக நடிப்பதற்கும் உடம்பில் தெம்பு வேண்டியிருக்கிறது.

நீங்கள் வேதக்காரர் இல்லையென்றால் இதில் என்ன பெரிய குற்றம் என்று கேட்கலாம். ஒரு வெள்ளி நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய, மெல்லிய கோதுமை அப்பம்தானே! ஆனால் பூசையில் அது ஆண்டவராகவே மாறுகிறது என்பது எங்கள் விசுவாசம். கோயிலுக்கு வர முடியாத நோயாளிக்கு அதைச் சிறிய சிமிழில் வைத்து வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். கொண்டுபோகிறவருக்கு நற்கருணைப் பணியாளர் என்று பெயர். கெர்லிங் போகும் வழியில் உள்ள எங்கள் சின்னக் கோயிலில் அந்தப் பெயர் எனக்குத்தான் இருந்தது. இன்னும் இருக்கிறது.

என் பெயர் சேவியர். புக்கிட் பெருந்துங்கில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் சுகாதார மேற்பார்வையாளர். மாவில் கை வைக்கும் முன் தொழிலாளர்கள் நகம் வெட்டியிருக்கிறார்களா, முழங்கை வரை சோப்புப் போட்டார்களா என்று பார்ப்பது என் வேலை. இருபத்திரண்டு ஆண்டுகளாக மனிதர்களின் முகத்தைப் பார்க்கும் முன் கையைப் பார்த்துப் பழகிவிட்டேன். ஒரு முறை ஃபாதர் பிரசங்கத்தில், "சேவியரைப் போல் சுத்தமான ஆள்தான் இந்தப் பணிக்கு வேண்டும்" என்றார். அன்று நான் எவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்தேன்!

உண்மையைச் சொல்லட்டுமா? எனக்குப் பூசை என்றாலே பயம். ஆண்டவரிடம் அல்ல, பக்கத்தில் இருப்பவர்களிடம். வாசலில் தீர்த்தத் தொட்டி. நூறு பேர் விரல் விட்ட தண்ணீர். சமாதானம் சொல்லும் நேரத்தில் ஈரக் கைகள் நான்கு பக்கமிருந்தும் நீளும். பெரிய வெள்ளியன்று சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தின் பாதத்தை ஊரே முத்தி செய்யும். ஒருவர் ஒரே கைக்குட்டையால் எல்லா முத்தத்தையும் துடைத்துக்கொண்டு நிற்பார். நான் குனிந்து, பாதத்துக்கு ஒரு விரற்கடை மேலே காற்றை முத்தமிட்டுவிட்டு எழுந்துவிடுவேன். யாருக்கும் தெரியாது. என் மனைவிக்குக்கூட!

கோவிட் வந்தது. தீர்த்தத் தொட்டி காலியானது. கை குலுக்கல் நின்றது. நற்கருணையை, எங்கள் பேச்சில் நன்மையை, எல்லாரும் நாக்கில் அல்ல, கையில்தான் வாங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஊரெல்லாம் அழுதபோது நான் உள்ளூர நிம்மதியாக மூச்சுவிட்டேன். இதுவும் ஒரு பாவமா...? எனக்குத் தெரியவில்லை. இதைவிடப் பெரியது கையில் இருப்பதால் அதை நான் கணக்கில் எடுப்பதில்லை.

மார்ட்டினைப் பற்றிச் சொல்கிறேன்.

செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவன். பிறகு அறுவடைக் காலத்தில் தஞ்சோங் காராங்கிலிருந்து நெல் லோரியும் ஓட்டினான். என்னைவிட ஆறு வயது இளையவன். பாடகர் குழுவில் எனக்குப் பின்னால் நின்று, சுருதி சேராமல், ஆனால் முழுத் தொண்டையும் திறந்து பாடுவான். அந்த எச்சில் என் பிடரியில் படுமோ என்று நான் அரை அடி முன்னே நகர்ந்து நிற்பேன்.

கோவிட் ஓய்ந்து அந்த உத்தரவுகள் தளர்ந்த பிறகு அவனுக்கு நெஞ்சில் காசநோய் வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிறகு கிளினிக்கில் மாதக்கணக்கில் மாத்திரை. வீட்டுக்கு வந்தபோது பாதி ஆளாகியிருந்தான். நான் முதல்முறை சிமிழோடு போன அன்று அவன் மனைவி பிலோமினா வாசலிலேயே கிளினிக் கார்டை எடுத்துக் காட்டினாள்.

"பயப்படாதீங்க அண்ணே. சளி டெஸ்ட் ரெண்டு வாட்டி எடுத்தாச்சு. கிருமி இல்லன்னு நர்ஸ் மிஸ்ஸியே எழுதிக் கொடுத்திருக்காங்க, பாருங்க."

நான் பார்த்தேன். தொழிற்சாலையில் இப்படி நூறு கார்டுகளைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான். அதில் எழுதியிருந்தது எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆகவே அறியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சிறு மேசை. வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம், மெழுகுவர்த்தி, நான் விரல் கழுவ ஒரு கிண்ணத்தில் தண்ணீர். எல்லாம் முறைப்படி. மார்ட்டின் சட்டை மாற்றி, தலை சீவி உட்கார்ந்திருந்தான். கையை நீட்டினான். கை நடுங்கியது. நான் வைத்த அப்பம் விரலிடுக்கில் நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது.

விழுந்த நற்கருணையைப் பணியாளர்தான் எடுத்து உட்கொள்ள வேண்டும். அது முறை. நான் அதை மற்றவர்களுக்கு வகுப்பெடுத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடுத்து வாயில் போட்டேன். நல்லவேளையாகச் சிமிழில் இன்னொன்று இருந்தது. அதை அவனுக்கு ஊட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து மூன்று நாள் உப்புத் தண்ணீரில் தொண்டை கொப்பளித்தேன்.

அடுத்த ஞாயிறு அவன் கையை நீட்டவில்லை. "கையில வேணாம் அண்ணே. போன வாரம் மாதிரி கீழ விழுந்துட்டா எனக்குத் தாங்காது" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடி நாக்கை நீட்டினான்.

என் விரல் நுனியில் அந்த நாக்கின் ஈரம் பட்டது.

அவ்வளவுதான் நடந்தது! ஒரு துளி ஈரம்! அதை நான் காரில் ஒரு முறை, வீட்டில் நான்கு முறை கழுவினேன். தோல் வெளுத்துச் சுருங்கும்வரை கழுவினேன். இரவில் அந்த விரலைப் போர்வைக்கு வெளியே வைத்துக்கொண்டு படுத்தேன். என் மகள் அப்போது பிரசவத்துக்கு எங்கள் வீட்டில் இருந்தாள். பச்சைக் குழந்தை இருக்கிற வீடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மகள் கோல சிலாங்கூருக்குத் திரும்பிப் போன பிறகும் என்னிடம் அதே காரணம் மிச்சமிருந்ததே, அதற்கு என்ன சொல்ல?

மூன்றாம் ஞாயிறு வாசலிலேயே நின்றேன். முகக்கவசத்தைக் கழற்றவில்லை. "ஃபாதர் ஒண்ணு சொன்னாரு மார்ட்டின். நெஞ்சு நல்லா குணமாகட்டும், அதுவரைக்கும் நன்மை வேணாமாம். மனசால வாங்கிக்கச் சொன்னாரு" என்றேன்.

ஃபாதர் அப்படிச் சொல்லவே இல்லை.

கேட்டீர்களா? நான் பயப்படுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். வேறு ஆளை அனுப்புங்கள் என்று ஃபாதரிடம் கேட்டிருக்கலாம். கையுறை போட்டுக்கொண்டுகூடக் கொடுத்திருக்கலாம். யாரும் என்னைத் தூக்கிலிட்டிருக்க மாட்டார்கள். ஆனால் சுத்தமான சேவியர், துணிந்த சேவியர், முன்வரிசைச் சேவியர்... அந்தப் பெயர் கெட்டுவிடக் கூடாது. ஆகவே பழியைக் கோயிலின் மேல் போட்டேன். நோயாளியை ஆண்டவரே வேண்டாமென்று சொன்னதாக ஆக்கிவிட்டேன்.

மார்ட்டின் திரும்பி மேசையைப் பார்த்தான். பிறகு, "ஃபாதர் சொன்னா சரி லா அண்ணே" என்றான். மேசையில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. பிலோமினா போய் அதை அணைத்தாள்.

அதன் பிறகு நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை.

ஆனால் ஃபாதர் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் மறக்காமல் சிமிழில் அப்பத்தை வைத்துக் கொடுப்பார். அவருக்கு அடுத்த கோயிலில் பூசை, வண்டியில் ஏறிக்கொண்டே "மார்ட்டின் எப்படி இருக்காரு?" என்பார். "நல்லா இருக்காரு ஃபாதர், உங்களைக் கேட்டாரு" என்பேன். அப்பத்தைத் திருப்பிக் கொடுத்தால் ஏன் என்று கேட்பார். எங்காவது போட்டுவிடவோ எனக்குத் துணிவில்லை. அந்த அளவுக்கு விசுவாசம் இருந்தது! விசுவாசம் இருந்ததால்தான் செம்பனைக்குள் காரை நிறுத்தி, சிலுவை போட்டுக்கொண்டு, அதைத் தின்றேன். முதலில் கைகளைக் கழுவிக்கொள்வேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என் கைப்பேசிக்கு மார்ட்டினின் குரல் பதிவு ஒன்று வந்தது. மூச்சு வாங்கி வாங்கிப் பேசியிருந்தான்.

"அண்ணே, கிறிஸ்துமஸுக்காவது ஃபாதர் விடுவாரான்னு கேட்டுப் பாருங்க லா. ஒரு நாள் மட்டும் போதும். கேட்டேன்னு கோவிச்சுக்காதீங்க."

ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டுப் பதில் எழுதினேன். கேட்டதாகவும், இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளச் சொன்னதாகவும் எழுதினேன். கும்பிடும் கைகள் படம் ஒன்றை அவன் அனுப்பினான். அந்தக் குரல் பதிவை நான் அழிக்கவில்லை. மறுபடியும் கேட்கவும் இல்லை.

தவக்காலத்தின் தொடக்கத்தில் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கெட்டுப்போன நுரையீரலில் நிமோனியாவும் சேர்ந்துவிட்டது. ஃபாதர் எனக்கு ஃபோன் செய்து, "வாங்க சேவியர், நீங்கதான் அவருக்கு நெருக்கம்" என்றார். போனேன். மார்ட்டினுக்கு நினைவு இல்லை. வாயில் குழாய். ஃபாதர் நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் தைலம் பூசினார். கடைசி நன்மை கொடுக்க வழியில்லை. அந்த வாய் திறக்கிற நிலையில் இல்லை.

ஃபாதர் பிலோமினாவின் பக்கம் திரும்பினார். "கவலைப்படாதீங்கம்மா. வாரா வாரம் நன்மை வாங்கின மனுசன். ஆண்டவரு கூடவே இருக்காரு" என்றார்.

பிலோமினா ஃபாதரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று சொல்லத் தெரியவில்லை. அந்த அறையிலிருந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. அவள் திரும்பி மார்ட்டினின் போர்வையைச் சரிசெய்தாள். மார்ட்டின் மறுநாள் விடியற்காலையில் இறந்துபோனான்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து அவள் வீட்டுக்குப் போனேன். எதற்குப் போனேன்? மன்னிப்புக் கேட்கவா, இல்லை அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று அறிந்துகொள்ளவா? இரண்டாவதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

மேசை அப்படியே இருந்தது. வெள்ளைத் துணி, சுரூபம், பாதி எரிந்த மெழுகுவர்த்தி. கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிருமிநாசினிப் போத்தல், கையில் தேய்த்துக்கொள்வது. மூடியின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக்கூடப் பிரிக்கப்படவில்லை.

"அவருதான் வாங்கியாரச் சொன்னாரு" என்றாள் பிலோமினா. "நீங்க வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போனீங்கல்ல, அதுக்கு மறுநாளு. அண்ணனுக்குப் பயமா இருக்கு போல, இத வச்சிருந்தா அடுத்த வாரம் உள்ள வருவாருன்னாரு."

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"ஒவ்வொரு ஞாயிறும் சட்டை மாத்திக்கிட்டு உட்காந்திருப்பாரு. வரமாட்டாங்கன்னு நான் சொன்னாக் கேக்க மாட்டாரு. கிறிஸ்துமஸ் அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் உட்காந்திருந்தாரு அண்ணே."

"பிலோமினா..." என்றேன்.

"ஃபாதர்கிட்ட நான் சொல்ல மாட்டேன். எனக்கு அந்தத் தெம்பு இல்ல. நீங்களே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

அவன் என் பொய்யை நம்பியிருந்தால், ஆண்டவர் தன்னை வேண்டாமென்று சொல்லிவிட்டதாக நினைத்துச் செத்திருப்பான். நம்பவில்லை... அது தெரிந்தபோது என் பாரம் குறையும் என்று நீங்கள் நினைக்கலாம். குறையவில்லை! என் பயம் தெரிந்தும் அவன் எனக்காகப் போத்தல் வாங்கி வைத்துக் காத்திருந்தான்; குரல் பதிவிலும் என் பொய்யைக் காட்டிக்கொடுக்காமல் ஃபாதர் பெயரைச் சொல்லியே கேட்டிருந்தான். நான் அரை மைலுக்கு அப்பால் காரில் உட்கார்ந்து அவன் பங்கைத் தின்றுகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு மூன்று முறை பாவசங்கீர்த்தனத்துக்குப் போயிருக்கிறேன். மனைவியிடம் கோபப்பட்டேன் என்றேன். ஜெபத்தில் பராக்கு என்றேன். மேலாளரைப் பற்றிப் புறங்கூறினேன் என்றேன். ஃபாதர் கையை உயர்த்தி மன்னிப்பு அளித்தார். ஒன்றை வேண்டுமென்றே மறைத்துச் செய்யும் பாவசங்கீர்த்தனம் செல்லாது என்பதைச் சிறுவயதில், முதன்முதலாக நன்மை வாங்கும் முன் நடந்த புது நன்மை வகுப்பிலேயே படித்திருக்கிறேன். ஆக, மூன்றும் செல்லாது. சொன்னால் ஃபாதர் ஆஸ்பத்திரியில் சொன்ன அந்த ஆறுதல் பொய்யாகிவிடுமே, அவர் உடைந்துபோவாரே என்று ஒரு சாக்கு வைத்திருக்கிறேன். சாக்குகளுக்கு எனக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை.

பணியை விட்டுவிடலாமே என்கிறீர்களா? விட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

இப்போதும் ஞாயிறுகளில் ஃபாதர் நடுவிலும் நான் இடப்பக்கமும் நின்று நன்மை கொடுக்கிறோம். பிலோமினா எப்போதும் கையில் வாங்குகிறவள், ஃபாதரின் வரிசையில் வருகிறவள். முப்பதாம் நாளுக்குப் பிறகு என் வரிசைக்கு வருகிறாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள். கண்ணை மூடாமல், என்னைப் பார்த்தபடியே நாக்கை நீட்டுகிறாள்.

"கிறிஸ்துவின் உடல்" என்கிறேன்.

"ஆமென்" என்கிறாள்.

என் விரல் படுகிறது. பூசை முடிந்ததும் பின்னறைக்குப் போய்க் குழாயைத் திறக்கிறேன். போன ஞாயிறும் கழுவினேன்.