ஹெட்செட்டைக் கழற்றிய பிறகு

போன மாதம் என் கணவர், முகத்தில் மாட்டிக்கொள்ளும் விஆர் ஹெட்செட் ஒன்றை வாங்கி வந்தார். கண்ணின் ஓரம்வரை காட்சி விரியும் வகை. படூர் வீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு மணி நேரம் கடலுக்கடியில் திரிந்தேன்.

கழற்றியதும் என் கை வேறு யாருடையதோ போல இருந்தது. டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றினேன். "மொதல் தடவைல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, டியூஷன் முடிந்த மகளை அழைத்துவர ஸ்கூட்டரில் கேளம்பாக்கம் போனேன்.

திரும்பும்போது எதிரே ஒரு ஷேர் ஆட்டோ வெகு தூரத்தில் தெரிந்தது. அது வருவதற்குள் சாலையைக் கடந்துவிடலாம் என்று தைரியமாக வண்டியை வளைத்தேன்.

"அம்மா, நிறுத்தும்மா!" என்று பின்னாலிருந்து மகள் அலறினாள். பிரேக்கை அழுத்தினேன். ஆட்டோ என் வண்டியின் கண்ணாடியை உரசிக்கொண்டு நின்றது.

"இன்னாக்கா, வண்டி வந்துகினு கீது, கண்ணு தெரியலையா?" என்று கத்தினார் ஓட்டுநர்.

தெரிந்தது. ஆனால் அந்த நொடிவரை தூரத்தில்தான் தெரிந்தது. ஒரு மணி நேரம் ஹெட்செட்டுக்குப் பழகிய கண், கிட்டே இருந்ததை எட்டத்தில் காட்டியிருக்கிறது. வீடுவரை வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தோம்.

இப்போது பத்து நிமிடத்துக்கு மேல் ஹெட்செட்டைப் போடுவதில்லை. போடும் முன் ஸ்கூட்டர் சாவியை மகளிடம் கொடுத்துவிடுகிறேன். நானே கெஞ்சினாலும் அன்று முழுக்க அவள் அதைத் தருவதில்லை.