தராசில் ஏறச் சொன்னார்கள்

தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் மடுவத்துக்கு வந்த புதுக் கம்ப்யூட்டரில் பழைய மின்தராசின் வயரைச் செருக இடமில்லை. திருத்த வந்த தம்பி இடையில் ஒரு யுஎஸ்பி அடாப்டரை மாட்டிவிட்டு, "எடை கம்ப்யூட்டர்ல வருதான்னு பாப்போம், தராசுல ஏறி நில்லுங்கக்கா" என்றான்.

இதே மடுவத்தில் முன்பொரு நாள். அப்போது எனக்கு ஏழு வயதிருக்கும். முழுநாள் சம்பளமான முழுப்பேருக்கு அன்று அம்மாவின் கொழுந்து கொஞ்சம் குறைந்தது.

"அரப்பேரு போட்றாதீங்கய்யா, சாமி மாதிரி இருப்பீங்க."

"ஒன் குட்டியையும் சாக்குல போடு, சரியாயிரும்" என்றார் கணக்கப்பிள்ளை.

போட்டார்கள். தராசுக் கொக்கியில் தொங்கினேன். முள் ஏறியது, மடுவமே சிரித்தது. பிறகு என்னைக் கீழே கொட்டிவிட்டு அரைப்பேரே எழுதினார்.

அன்று மாலை மாரியம்மாவுக்கு விளக்கு வைத்து, கணக்கப்பிள்ளை நன்றாயிருக்க வேண்டும் என்று அம்மா கும்பிட்டார். மறுநாளும் அவர்தானே நிறுக்க வேண்டும், தாயே!

தம்பி சொன்னபடி ஏறி நின்றேன். கம்ப்யூட்டரில் என் எடை வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.