புத்தகத்தில் ஏறிய பொங்கல்

இதை எழுதலாமா என்று பல வருடம் தயங்கினேன். என் படிப்பு எட்டாவதுதான். இன்று மகளின் புதுப் புத்தகத்தைப் பிரித்ததும், அந்தப் பசை வாசனையில் செஞ்சி நூலகம் நினைவுக்கு வந்துவிட்டது.

எண்பதுகளில் அங்கே ஒரு சரித்திரப் புத்தகத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கோட்டை மலை அம்மனுக்கு இப்போது பூசையே இல்லை என்றிருந்தது. அம்மா செவ்வாய்தோறும் மலையேறிப் பொங்கல் வைப்பவள்.

"அப்போ நான் யாருக்குடி பொங்குறேன்?"

மறு செவ்வாய் மலையிலிருந்து இறங்கியவள், துணி சுற்றிய பானையோடு நேரே நூலகத்துக்குப் போனாள். "இன்னா சார், இல்லாத பூசையோட பொங்கல் இது. சாப்ட்டுப் பாருங்க."

"சுடுதேம்மா!" என்று சிரித்த நூலகர், புத்தகம் எழுதியவருக்கு அன்றே கடிதம் போட்டார்.

மறுபதிப்பில் வந்தது: 'பெண்கள் இன்றும் இங்கே பொங்கல் வைக்கிறார்கள்.' எழுத்தறியாத அம்மா அந்த வரியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நாமளும் சரித்திரத்துல ஏறிட்டோம்டி!"

கூட்டாமல் குறைக்காமல் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், அம்மன் துணையிருப்பாள்.