பகல் தூக்கத்துக்குச் சாட்சி சொல்ல வந்தவள்

ஃபேக்டரி மருத்துவ அறைக்குப் புதிதாக வேலைக்கு வரும் நர்ஸ் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஊசி போடுவது, கட்டுப் போடுவது எல்லாம் படித்துவிட்டுத்தான் வருவீர்கள். ஆப்போடு மாரடிப்பதை மட்டும் எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தர மாட்டார்கள்.

1. வாட்ச் வந்தது

கும்மிடிப்பூண்டியில் எங்கள் இரும்பு ஃபவுண்டரிக்கு ரகுராமன் சார் எச்.ஆர். மேனேஜராக வந்த வருடம், எல்லோர் கைக்கும் ஒரு வாட்ச் வந்தது. நடை, நாடி, தூக்கம் மூன்றையும் அது எண்ணும். எண்ணியதைத் தன் ஆப்பில் போடும். அதைப் போனில் இருக்கும் ஹெல்த் ஆப் வாங்கிக்கொள்ளும். அதனிடமிருந்து கம்பெனி ஆப் வாங்கிக்கொள்ளும். இதற்கு சிங்க் என்று பெயர். பந்தியில் பாயச வாளி கை மாறி வருகிற கதைதான், கடைசி இலைக்கு வரும்போது முந்திரி இருக்காது.

உலைப் பக்கம் போகிறவன் கையில் கயிறுகூடக் கட்டக் கூடாது என்பது எங்கள் சேஃப்டி விதி. அதனால் ஃபர்னஸ் ஆட்கள் வாட்சை வீட்டில் கட்டிக்கொண்டால் போதும் என்று சார் பெரிய மனது பண்ணினார்.

2. தூங்காத மனிதன்

ஏழுமலை ஃபர்னஸ் ஆபரேட்டர். ஊர் கவரைப்பேட்டை. எப்போதும் நைட் ஷிஃப்ட்தான். பல வருடம் கான்ட்ராக்டில் இருந்துவிட்டு, பெர்மனென்ட் ஆர்டருக்காகக் காத்திருந்தார். மெடிக்கல் ஃபிட் என்று வந்தால் ஆர்டர் கைக்கு வரும். அந்த நேரம் பார்த்துக் கம்பெனி ஆப்பில் அவர் பெயர் சிவப்பானது. ஆள் தூங்குவதே இல்லையாம்.

விஷயம் இதுதான். பகலில் தூங்கினால் வாட்ச் ஆப் அதைக் குட்டித் தூக்கம் என்று போடும். குட்டித் தூக்கத்தைக் கம்பெனி ஆப் கணக்கில் எடுக்காது. இதை ரகுராமன் சாரிடம் எடுத்துச் சொன்னேன்.

"தூங்காத ஆளை ஃபர்னஸ் முன்னாடி நிறுத்த முடியாது சிஸ்டர். டேட்டால தூக்கம் இல்லையே" என்றார்.

மறுநாள் ஏழுமலையின் மனைவி செல்வி ஃபேக்டரி கேட்டுக்கே வந்துவிட்டாள். வீட்டில் தையல் வேலை செய்கிறவள். கையில் போன், போனில் புருஷன் குறட்டை விடும் வீடியோ.

"காலைல நாஷ்டா துன்னுட்டு படுத்தார்னா சாயங்காலம் வரிக்கும் தூக்கம்தான் சார். நான் பக்கத்துலயே மிஷின் ஓட்டிக்கினு இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

சார் வீடியோவை முழுசாகப் பார்த்தார். "நல்லாத்தான் தூங்குறாரு. ஆனா இதை ஆப்ல ஏத்துறதுக்கு வழி இல்லம்மா" என்றார்.

எத்தனையோ படித்த முட்டாள்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணால் பார்த்த பிறகும் தூக்கத்துக்கு அத்தாட்சி கேட்ட ஆளை அன்றுதான் பார்த்தேன். செல்வி அழவில்லை. பேஜாரு புடிச்ச வாட்சு என்று முனகிக்கொண்டே போனாள்.

3. சால்வை

கொஞ்ச நாளில் ஏழுமலை பச்சைக்கு வந்துவிட்டார். ராத்திரி முழுக்க அருமையான தூக்கம் என்றது ஆப். ரகுராமன் சாருக்குத் தலைகால் புரியவில்லை. ஏழுமலையை மேடையேற்றிச் சால்வை போட்டு, போட்டோவைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார்.

அதே ராத்திரிகளில் ஏழுமலை உலை முன்னால் நின்று இரும்பு உருக்கிக்கொண்டிருந்தார். அட்டென்டன்ஸ் மெஷினில் அவர் விரல் வைத்த நேரம் எல்லாம் இருந்தது. ஒரே ஆபீஸ், பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டர். ஊரில் உள்ள ஆப்பையெல்லாம் சிங்க் பண்ணினவர்கள் இந்த இரண்டை மட்டும் பண்ணவில்லை.

4. யார் கை

ஆர்டரில் கையெழுத்துப் போட வேண்டிய வாரம், மறுபடியும் சிவப்பு. தூக்கத்திலும் ஏழுமலையின் நாடி ஓடு ஓடு என்று ஓடுகிறதாம். என்னிடம் அனுப்பினார்கள். மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி நிதானமாக இருந்தது. சந்தேகப்பட்டு மறுபடி பார்த்தேன், அப்படியேதான். வாரம் ஒருமுறை வரும் டாக்டரும் பார்த்துவிட்டு ஃபிட் என்றார்.

டாக்டர் போன பிறகு கேட்டேன், ராத்திரி அந்த வாட்ச் யார் கையில் இருக்கிறது என்று. ஏழுமலை வாசலைப் பார்த்தார்.

"செல்விதான் சிஸ்டர். ஆர்டர் வர்ற வரிக்கும் நான் கட்டிக்கினு தூங்குறேன்னுச்சு."

திட்டத்தான் வாயெடுத்தேன். திட்டு வரவில்லை, பயம்தான் வந்தது. அப்படியானால் ஓடுவது அவள் நாடி. இளைத்திருக்கிறாளா என்று கேட்டேன்.

"பாதியாயிட்டா. கை வேற நடுங்குது, ஊசில நூலு கோக்க முடியலன்றா. என் வேலைய நெனச்சி கவலைப்படுதுன்னு இருந்துட்டேன்."

மறுநாளே செல்வியைத் திருவள்ளூர் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். தைராய்டு எக்கச்சக்கமாகச் சுரக்கிறது, இன்னும் விட்டிருந்தால் இதயம் கெட்டிருக்கும் என்றார்கள்.

5. ஸ்லைடு

ரகுராமன் சாரிடம் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். ஏமாற்று வேலை, சஸ்பெண்ட் என்று எகிறினார். சால்வை போட்டோவை ஞாபகப்படுத்தினேன். ராத்திரி ஷிஃப்டில் இருந்த ஆள் ராத்திரி எப்படித் தூங்கினான் என்று தலைமை அலுவலகத்தில் கேட்டால் என்ன சொல்வீர்கள் சார் என்றேன். சார் பேனாவைத் திறந்து ஆர்டரில் கையெழுத்துப் போட்டார்.

ஆண்டுக் கூட்டத்தில் ஒரு ஸ்லைடு போட்டார்: "நம் வாட்ச் திட்டத்தால் உரிய நேரத்தில் நோய் கண்டுபிடிக்கப்பட்ட ஊழியர் திரு. ஏழுமலை." எல்லோரும் கைதட்டினார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர் இறங்கி வந்து ஏழுமலையின் கையைக் குலுக்கி, இப்போது உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

"தேவல சார். கை நடுக்கம் நின்னுபோச்சி. இப்பல்லாம் ஊசில நூலு கோக்க முடியுது" என்றார் ஏழுமலை.

வந்தவர் ஃபர்னஸ் ஆபரேட்டருக்கு ஊசி எதற்கு என்று கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள் பிள்ளைகளே. சிவப்போ பச்சையோ, முதலில் அது யார் கை என்று கேளுங்கள். செல்விக்கு இன்றுவரை எந்த ஆப்பிலும் பெயர் இல்லை.